மேடையில் சப்பாத்து கூடாது

இந்த வருடமும் அழைப்பிதழ் வந்துவிட்டது. வழவழ அட்டை, தங்க எழுத்து. சயாம் ரயில் பாதையில் மாண்ட நம்மவர்களுக்கும், நாட்டுக்காகக் கை கால் இழந்த வீரர்களுக்கும் நினைவஞ்சலியாம். அட்டையில் குப்புசாமி அண்ணனின் படம் போட்டிருக்கிறார்கள். பொன்னாடையோடு மைக் முன்னால் நிற்கிறார். படத்தை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். எந்தக் காலுக்காக அவரைக் கூப்பிட்டு மாலை போட்டார்களோ அந்தக் காலைக் காணோம். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "மேடையில் காலணி தவிர்க்கவும்."

என் மனைவி அட்டையைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லியா?" என்று கேட்டாள். போட்டேன். மாத்திரைக்கு அடங்குகிற கோபமில்லை இது. அந்தப் படத்தில் இடுப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் பட்டறையில் செயற்கைக் கை கால் செய்து ஓய்வு பெற்றவன் நான். என்னை எல்லாரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் பட்டறையிலிருந்து சுமதி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்போது புதிதாக வந்து சேர்ந்த பெண், இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். "அங்கிள், மலர் ஒண்ணு போடுறோம். நீங்க ஏதாவது எழுதிக் குடுங்கலா. இனிமையான நினைவா ஒண்ணு" என்றாள். இனிமை வேண்டுமென்றால் மிட்டாய்க் கடைக்குப் போகவேண்டும். என்னிடம் இருப்பதைத்தான் நான் தரமுடியும்.

கோலாலம்பூரில் படித்தது, பரீட்சை எழுதியது, வேலைக்கு வந்தது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். அதை விட்டுவிடுகிறேன். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பட்டறைத் தலைவர் மிஸ்டர் ஓங். எங்களைத் திட்டுவதில் மன்னன். ரம்பத்தைப் போட்ட இடத்தில் போடாவிட்டால் மூன்று மொழியில் திட்டு விழும். ஆனால் நோயாளியிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய காலையும் பார்க்கமாட்டார். ஒரு குட்டி முக்காலி வைத்திருந்தார். அதில் உட்கார்ந்தால் அவர் முகம் நோயாளியின் முழங்காலுக்கு நேரே வரும். கையை வெந்நீரில் நனைத்து, துடைத்து, சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார்.

"கால் எப்படிப் போச்சு?" என்று கேட்கக்கூடாது. அது அவருடைய சட்டம். "அது அவன் சொத்து. அவனாக் குடுத்தா வாங்கிக்கோ. நீயாப் போய்க் கேக்காதே" என்பார். அவர் மலாயில் சொல்வதை நான் தமிழில் எழுதுகிறேன். தமிழிலும் அவருக்கு ஐந்தாறு சொல் தெரியும். அதில் முக்கால்வாசி பாசாரில் மீன் வாங்கக் கற்றுக்கொண்டது.

வெட்டியபின் எஞ்சியிருக்கும் காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். முதலில் அதற்கு ஈரமான மெல்லிய உறையை மாட்டவேண்டும். நனைந்தால் ஊதாவாகும் பென்சிலால், எலும்பு துருத்தும் இடங்களை எல்லாம் உறையின்மேல் குறிக்கவேண்டும். பிறகு மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் முக்கிச் சுற்றவேண்டும். மாவு இறுகும்வரை முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் பிடித்திருப்பவன் பேசக்கூடாது, தும்மக்கூடாது. உருவி எடுத்த அச்சின் உள்பக்கம் ஊதாப் புள்ளிகள் பதிந்திருக்கும். அதில் மாவு ஊற்றி, காய்ந்ததும் அரத்தால் சீவி, அதன்மேல்தான் ஸ்டம்ப் உட்காரும் கிண்ணத்தைச் செய்வோம். கிண்ணம் சரியில்லையென்றால் மற்றதெல்லாம் வீண். கால் தயாரானதும் ஓங் நோயாளியை நடக்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். காலடிச் சத்தத்தைக் கேட்டே, "இடது பக்கம் நீளம்" என்பார். அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கதைக்கு உயிர். செயற்கைப் பாதத்தை நாங்கள் சப்பாத்துக்கு ஏற்றபடிதான் பொருத்துவோம். சப்பாத்தின் குதிகால் எவ்வளவு உயரமோ அதற்குத் தகுந்த சாய்வு வைப்போம். சப்பாத்தோடு நின்றால் ஆள் நேராக நிற்பான். அதைக் கழற்றிவிட்டால் குதிகால் கீழே இறங்கும், கால் பின்னால் சாயும், முழங்காலையும் பின்னுக்குத் தள்ளும். பிடிமானம் இல்லாவிட்டால் மல்லாக்க விழவேண்டியதுதான்.

வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் இதைப் பெரிய விஷயமாக எழுதியிருக்கமாட்டார்கள். "எழுதினவன் சப்பாத்தோட தூங்குறவன்" என்பார் ஓங். "இங்க எவன் வீட்டுக்குள்ள சப்பாத்தோட போறான்? நீ போவியா? நான் போவேனா?" சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, நம் வீடு எல்லாம் ஒன்றுதான். வாசலில் கழற்றாவிட்டால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அதனால் ஓங் பட்டறையின் நடுவில், தச்சனைக் கூப்பிட்டு, கதவில்லாத ஒரு வாசல் நிலையை நிறுத்தினார். நோயாளி நடந்து வந்து, அங்கே சப்பாத்தைக் கழற்றி, நாங்கள் கொடுக்கும் குதிகால் உயர்ந்த வீட்டுச் சிலிப்பரைப் போட்டு, படியைத் தாண்டி உள்ளே போகவேண்டும். அதைச் செய்து காட்டாத யாருக்கும் ஓங் காலைக் கொடுத்தனுப்பியதில்லை.

குப்புசாமி அண்ணன் அந்த நிலையை எத்தனையோ தடவை தாண்டியவர். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ராணுவத்துக்குப் போய், எல்லைக் காட்டில் கண்ணிவெடியை மிதித்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். நான் கேட்கவில்லை. மாவு இறுகிக்கொண்டிருந்தபோது அவராகச் சொன்னார்.

"எங்கப்பன ரயில் பாதை போட ஜப்பான்காரன் சயாமுக்கு லாரில ஏத்திட்டுப் போனான். ஆளு திரும்பல. நான் சயாம் எல்லை வரைக்கும் போயி ஒரு கால விட்டுட்டு வந்தேன். எங்க குடும்பத்துக்கும் சயாமுக்கும் ஆகாது பாய்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பாவை ஏற்றிப் போனபோது அவர் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. அப்பா எங்கே செத்தார், எந்த நாளில் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தோட்டத்துக்கு லாரி வந்த நாளையே அவர் தாயார் திதியாக வைத்துக்கொண்டார். வருடாவருடம் படையல் போட்டுவிட்டு, தன் புருஷன் பெயரையும், அதே லாரியில் போன மற்றவர்கள் பெயரையும் உரக்கச் சொல்வாராம். கேட்டுக் கேட்டு மகனுக்கு அத்தனையும் மனப்பாடம்.

"அம்மா போயிருச்சு. இப்ப அந்தப் பேரெல்லாம் என் வாயிலதான் இருக்கு" என்றார் ஒரு நாள். "கூட்டத்துல எல்லாரும் 'ஆயிரக்கணக்கானோர்'னு சொல்லிட்டு உக்காந்துர்றான். ஆயிரக்கணக்கானோர்னு யாருக்காச்சும் பேரு வைப்பாங்களா? ஒரு தடவ மைக்குல, ஊரு கேக்க, எங்கப்பன் பேரச் சொல்லணும் பாய். அவ்வளவுதான்."

மனிதர் அதற்குமேல் எதுவும் கேட்டவரில்லை. இதற்குத்தான் இவர்கள் அவரை அந்தப் பாடு படுத்தினார்கள்.

இருபது வருடம் இருக்கும். நினைவஞ்சலிக் கூட்டத்துக்குக் காயம்பட்ட வீரர் ஒருவர் வேண்டுமென்று தேடி, அவரைப் பிடித்தார்கள். அவர் கேட்ட ஒரே சம்பளம் மைக்கில் இரண்டு நிமிடம். தலைவர் ஒப்புக்கொண்டார். அந்தத் தலைவர் கெட்டவர் இல்லை. தன் பையிலிருந்து செலவு செய்து வருடாவருடம் கூட்டம் நடத்துகிறவர். ஆனால் கூட்டம் நன்றாக நடக்கவேண்டும் என்ற கவலையில், யாருக்காக நடக்கிறது என்பதை மறந்துவிடுகிற ரகம்.

அன்று ஃபெர்ரி இறங்குதுறையில் காத்திருந்து அண்ணனை என் காரில் அழைத்துப் போனேன். ராணுவ மெடல், இஸ்திரி போட்ட சட்டை, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்த கறுப்புச் சப்பாத்து. வீட்டுச் சிலிப்பரைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார்.

டேவான் மண்டபத்து மேடையில் குத்துவிளக்கும் பிள்ளையார் படமும் இருந்தன. படிக்கட்டில் பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர் நின்றார்.

"அண்ணே, சப்பாத்து" என்றார்.

அண்ணன் சரியென்று துணிப்பையைத் திறந்தார்.

"சிலிப்பரும் கூடாதுண்ணே. சாமி படம் இருக்குல்ல."

"தம்பி, இது சும்மா சிலிப்பர் இல்ல. காலோட சேந்தது. இது இல்லாம நிக்க முடியாது."

தலைவர் ஓடிவந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, எல்லாருக்கும் ஒரே ரூல்தான். ரெண்டு நிமிஷம் சமாளிச்சுருங்க. விஐபி வந்துட்டாரு."

நான் பின்வரிசையில் இருந்தேன். இந்தப் பேச்செல்லாம் அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரியும், ஆனால் துணிப்பையை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைப்பதைப் பார்த்துவிட்டேன். எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு முன்னால் போவதற்குள் அண்ணன் கைப்பிடியைப் பிடித்தபடி வெறுங்காலோடு மேலே போய்விட்டார். அதே நேரத்தில் மறுபக்கப் படியில் அந்த விஐபி ஏறினார். அவர் காலில் என்ன இருந்தது தெரியுமா? சப்பாத்து! பளபளக்கும் சப்பாத்து, 'கிரீச் கிரீச்' என்று மேடை முழுக்கக் கேட்டது. ஒரே ரூல் பேசிய தலைவர் அவரை இரண்டு கையாலும் வரவேற்று விளக்குக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றுகிறவன்தான். எனக்கு மரியாதை தெரியும். சுங்கை பாக்காப் கோயிலில், "சிலிப்பரோட வா குப்புசாமி, உன் காலப் பத்தி சாமிக்குத் தெரியும்" என்று குருக்களே சொல்லி உள்ளே அழைத்துப் போவாராம். சாமியும் குருக்களும் விட்டுக்கொடுத்ததை டேவான் கமிட்டி விட்டுக்கொடுக்கவில்லை.

விஐபி பொன்னாடையை விரித்தார். அண்ணன் பழைய ராணுவக்காரர். பெரிய மனிதர் முன்னால் வந்ததும் உடம்பு தானாக விறைத்தது, கை சல்யூட்டுக்கு உயர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தது, முழங்கால் பின்னால் தள்ளியது. செயற்கைக் கால் கழன்று, மேடைப் படியின் விளிம்பில் ஸ்டம்ப் மோத மல்லாக்க விழுந்தார்.

"அண்ணன் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று மைக்கில் அறிவிப்பாளர் சொன்னார். எனக்குப் பின்னால் எவனோ, "காலைலயே ஊத்திட்டு வந்துட்டாரு போல" என்றான். வாழ்நாளில் ஒரு பீர் தொடாத மனிதர். நான் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது உள்ளே நடனத்துக்குச் சலங்கைச் சத்தம் கேட்டது. யாருடைய பெயரையும் யாரும் சொல்லவில்லை.

ஸ்டம்பின் முனை பிளந்திருந்தது. சர்க்கரை நோய்க்காரர், புண் ஆறவில்லை. சீழ் மேலே ஏறினால் முழங்காலுக்கு மேல் வெட்டவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். முழங்கால் என்றால் என்னவென்று எங்கள் தொழிலில் இருப்பவனைக் கேட்கவேண்டும். முழங்கால் இருப்பவன் படி ஏறுவான், மோட்டார் சைக்கிள் ஓட்டுவான், யார் துணையும் இல்லாமல் மேடையேறுவான். அது போய்விட்டால் அறுபது வயதுக்குமேல் நடையை முதலிலிருந்து கற்கவேண்டும். பலர் கற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

மிஸ்டர் ஓங் செய்த முதல் காரியம், அண்ணனின் செயற்கைக் காலை எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டறை அலமாரியில் பூட்டியதுதான். "குடுய்யா என் கால!" என்று அண்ணன் வார்டு அதிரக் கத்தினார். ஓங் தனக்குத் தெரிந்த தமிழில், "நீ பேசாதே. படு" என்றார். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்துவிடுவார். கட்டைப் பிரித்து நர்ஸ் துடைக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவார்.

ஒரு நாள் கமிட்டிக்காரர்கள் பழக்கூடையோடு வந்தார்கள், கூடவே கேமராக்காரனும் வந்தான். அதில் ஒருவர் உச்சுக்கொட்டி, "பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

"தானாப் படல. நீங்க பட வச்சீங்க" என்றேன். ஓங் அப்போது முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓங்குக்குப் பேச்சு புரியவில்லை, கேமரா புரிந்தது. எழுந்து அதன் கண்ணாடியைத் தன் உள்ளங்கையால் மூடி, "கெலுவார்" என்றார். வெளியே போ என்று அர்த்தம். போனார்கள். தலைவர் மட்டும் கதவருகில் கொஞ்சம் நின்றுவிட்டு, துணிப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே சிலிப்பர் இருந்தது.

முழங்கால் பிழைத்தது. மெல்ல மெல்லச் சதை மூடியது. ஸ்டம்பின் வடிவமே மாறிவிட்டதால் மறுபடி ஊதாப் பென்சில், மறுபடி மாவு, புதுக் கிண்ணம். இம்முறை அழுத்திப் பிடித்தவை என் கட்டைவிரல்கள். அப்போது ஒரு யோசனை சொன்னேன்.

"அண்ணே, வெறுங்காலுக்கு ஏத்த சாய்வுல இன்னொரு கால் செஞ்சு தரேன். மேடைக்கு அதப் போட்டுக்குங்க."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "அவனுங்க மேடைக்காக என் கால மாத்தணுமா பாய்? வேணாம்."

அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். போகாதீர்கள் என்று கெஞ்சினேன். "போவேன். எங்கப்பன் பேர இன்னும் சொல்லல" என்றார்.

அதை எழுதுமுன் சுமதிக்கு ஒன்று. ஸ்டம்பை இப்போது மாவில்லாமல் கருவியால் படம் பிடித்து, மெஷினில் கிண்ணம் செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த மெஷினுக்கு இடம் வேண்டுமென்று ஓங்கின் வாசல் நிலையைப் பிடுங்கிப் போட்டீர்களாமே, அதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மெஷின் காலை அளக்கும், அந்தக் கால் எந்த வாசலில் நிற்கப்போகிறது என்பதை அளக்காது. மலரை அப்புறம் போடுங்கள். முதலில் நிலையைத் திரும்ப நிறுத்துங்கள்.

அந்த இரண்டாவது கூட்டத்துக்கு நான் பின்வரிசையில் உட்காரவில்லை. படிக்கட்டு வரை அண்ணனோடு போனேன். போன வருடத்துத் தொண்டர் அதே இடத்தில் நின்றார். தலைவரும் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, சப்பாத்து..." என்று தொண்டர் இழுத்தார். தலைவர் அவர் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். அதற்குள் அண்ணன் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சப்பாத்து மேல வரக்கூடாது. அவ்வளவுதானே?" என்றார்.

இடது கால் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். வலப்பக்கக் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டினார். வாரை அவிழ்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, காலை உருவி எடுத்தார். சப்பாத்து அதிலேயே மாட்டியிருந்தது. என் தோளைப் பிடித்து எழுந்து, கக்கத்தில் கொண்டுவந்த தோங்காட் கைத்தடியை ஊன்றிக்கொண்டார். காலைத் தலைவரிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்க தலைவரே. கீழ வச்சுறாதீங்க, பாய் கஷ்டப்பட்டுச் செஞ்சது."

தலைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியபிறகுதான் அவருக்கு உறைத்தது. சப்பாத்தோடு இருக்கும் காலைத் தூக்கிக்கொண்டு அவரால் மேடைக்கு ஏறமுடியாது. அது அவர் போட்ட ரூல். கீழேயும் வைக்கமுடியாது. கூட்டத்தின் தலைவர் கூட்டம் பார்க்க, படிக்கட்டுக்குக் கீழே காலோடு நின்றார். மேடையிலிருந்த அந்த வருடத்து விஐபி இதையெல்லாம் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார்.

அண்ணன் ஒற்றை வெறுங்காலில், தோங்காட்டோடு, ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனேன், தொடவில்லை. பொன்னாடை போட்டார்கள். சல்யூட் இல்லை. மைக்கைப் பிடித்தார்.

"எங்கப்பா பேரு முனியன்" என்றார். மைக்கை இன்னும் கிட்ட இழுத்து மறுபடி சொன்னார். "கீழ்லயத்து முனியன். அவரோட லாரில போனது பெரியசாமி. அவரு தம்பி ராமன். பால்மரம் வெட்டுற வேலு. மீனாட்சி புருஷன் அங்கமுத்து..."

அவர் தாயார் படையல் முன்னால் சொன்ன வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே போனார். அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். நடுவில் ஒரு கிழவி நாற்காலியைப் பிடித்து எழுந்து, "தம்பி, எங்க மாமா பேரையும் சொல்லுயா. நாகப்பன். நாகப்பன்யா!" என்று கத்தினார். அண்ணன் அந்தப் பெயரையும் மைக்கில் சொன்னார். உடனே அங்கொருவர், இங்கொருவர் எழுந்து பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்றையும் விடாமல் வாங்கி வாங்கி அவர் மைக்கில் சொன்னார். இரண்டு நிமிடம் எப்போதோ போய்விட்டது. நடனம் ஆட வந்த பிள்ளைகள் சலங்கையோடு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அழைப்பிதழில் வந்திருக்கும் படம் அப்போது எடுத்ததுதான்.

போன வருடம் குப்புசாமி அண்ணனும் போய்விட்டார். இந்த வருடம் நான் போகிறேன். மேடையில் ஏறி அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருவேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம்.

அன்று எல்லாம் முடிந்து அண்ணன் இறங்கி வந்தபோது தலைவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. அண்ணன் படியில் உட்கார்ந்து, காலை வாங்கி மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் நின்னுட்டீங்க தலைவரே" என்றார். "கால் வலிக்குதா?"